மேல்தொட்டி நிரம்பினால் ஒலிக்கும் அலாரம்: ஆர்டுயினோ வேண்டுமா?

தொட்டி நிரம்பி வழியும் முன் சத்தம் வந்தால் போதும் என்றால் ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன கன்ட்ரோலர் போர்டு) தேவையே இல்லை. பிசி 547 டிரான்சிஸ்டர் ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, சின்ன பீசோ பஸ்ஸர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு சுவிட்ச், கொஞ்சம் ஒயர். அவ்வளவுதான்.

பேட்டரியின் பிளஸ்ஸை சுவிட்ச் வழியாக பஸ்ஸரின் பிளஸ்ஸுக்குக் கொடுங்கள். பஸ்ஸரின் மைனஸ் டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலுக்கு, எமிட்டர் கால் பேட்டரியின் மைனஸுக்கு. டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். இனி தொட்டிக்குப் போகும் இரண்டு ஒயர்கள்: ஒன்று பஸ்ஸரின் பிளஸ்ஸிலிருந்து, மற்றது ரெசிஸ்டர் வழியாக பேஸிலிருந்து. நுனிகள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல், நிரம்பும் மட்டத்தில் தொங்க வேண்டும்.

தண்ணீர் நுனிகளைத் தொட்டதும் மிகச் சிறிய மின்னோட்டம் பேஸுக்குள் போகும். டிரான்சிஸ்டர் அதை நூறு மடங்குக்கு மேல் பெருக்குவதால் பஸ்ஸர் கத்தும். போர் தண்ணீரில் உப்பு இருப்பதால் நன்றாகவே வேலை செய்யும். ஆர்ஓ தண்ணீரில் வைத்துச் சோதித்தால் சத்தம் வராமலே போகலாம்.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று. தண்ணீரில் டிசி (பேட்டரி தரும் ஒரே திசை மின்னோட்டம்) ஓடினால் பிளஸ் பக்கத்து செம்பு நுனி பச்சை பிடித்து அரிக்கும். அதனால் நுனிகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்கள். மோட்டாரை நிறுத்தியதும் அலாரம் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். அப்புறம், மறுபடி மோட்டார் போடும்போது அதையும் போட மறக்கக் கூடாது.

ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து மோட்டாரையே நிறுத்தும் ஆசை வரும். அது 230 வோல்ட் சமாச்சாரம். எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.