எச்-இன்டெக்ஸ் பார்த்து கைடைத் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறேன். எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு. மூலக்கூறு வைராலஜியில் பிஎச்.டி. செய்ய ஆசை. எனக்குப் பிடித்த விஞ்ஞானியின் எச்-இன்டெக்ஸ் 18, இன்னொருவருக்கு 40. இரண்டாமவரிடம்தான் போக வேண்டுமா?

தம்பி, அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். நானும் வைராலஜியில் பிஎச்.டி. முடித்தவள்தான். இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன்.

எச்-இன்டெக்ஸை 2005இல் முன்வைத்தவர் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவரின் 18 பேப்பர்கள் ஒவ்வொன்றும் குறைந்தது 18 முறை சைட் ஆகியிருந்தால், அதாவது மற்ற பேப்பர்களில் மேற்கோளாக வந்திருந்தால், எண் 18. அனுபவம் கூடக் கூட இது ஏறத்தான் செய்யும், குறையவே குறையாது. ஆகவே 25 வருடம் ஆய்வு செய்தவரையும் 8 வருடம் செய்தவரையும் இதை வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை. துறையும் முக்கியம். கொரோனா வைரஸில் வேலை செய்தவர்களுக்கு 2020க்குப் பிறகு சைட்டேஷன் கொட்டியது. அதே உழைப்பை வாழையைத் தாக்கும் வைரஸில் போட்டவருக்கு அது கிடைக்காது, ஏனென்றால் அங்கே பேப்பர் எழுதும் ஆட்களே குறைவு.

எதற்காக சைட் செய்தார்கள் என்பதையும் பாருங்கள். நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராசன் குழு அதை, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்று இருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதியது. அந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் வாங்கிய பிளம்பர்க்கும் அதில் ஓர் ஆசிரியர். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போனது, போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பலன் இல்லை என்று எழுதியவர்களும் இந்தப் பேப்பரைத்தான் சைட் செய்தாக வேண்டும். ஒப்புக்கொண்டவர், மறுத்தவர் என்று எண்ணிக்கை பிரித்துக் காட்டாது. என்னைக் கேட்டால், இத்தனை நாட்டில் சோதித்துப் பார்க்க வைத்ததே பெரிய விஷயம். யார் எதற்காக சைட் செய்தார்கள் என்பதை நீங்கள் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

எண்ணிக்கையில் வராத தாக்கமும் உண்டு. 1911இல் பெய்டன் ரௌஸ் என்ற விஞ்ஞானி, கோழிக்குப் புற்றுநோய் தரும் வைரஸ் ஒன்றைக் கண்டறிந்தார். நோபல் வந்தது 1966இல். அதே வைரஸில் வேலை செய்த டெமினும், தனியாக வேலை செய்த பால்டிமோரும் 1970இல் ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வை உருவாக்கும் நொதியைக் காட்டினார்கள். கொரோனா சோதனையான ஆர்.டி.-பி.சி.ஆரில் வரும் 'ஆர்.டி.' அந்த நொதியின் வேலையைத்தான் குறிக்கிறது. 2020இல் ராயபுரம் மண்டலத்தில் கொரோனா தலைவிரித்தாடியபோது எடுத்த ஸ்வாப் ஒவ்வொன்றும் அந்த நொதியைத் தாண்டித்தான் ரிசல்ட்டாக வந்தது. அந்த ரிப்போர்ட் எதிலும் டெமின் பேர் இருக்காது, இருக்கவும் தேவையில்லை. பாடப்புத்தகத்துக்குள் போய்விட்ட கண்டுபிடிப்பைப் பெரும்பாலும் யாரும் சைட் செய்வதில்லை.

அப்புறம் இனிஷியல் தொல்லை. நம்மில் ஒரே இனிஷியலோடு ஒரே பேர் ஏராளம், அதனால் பேப்பர்களையும் சைட்டேஷனையும் தேடிக் காட்டும் கூகுள் ஸ்காலரில் அடுத்தவர் பேப்பர் இவர் கணக்கில் ஏறிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிய பெண்களுக்குத் தலைகீழ்: சொந்த உழைப்பே இரண்டாக உடைந்து கிடக்கும். எனக்கு இது வயிற்றெரிச்சல். 2012இல் வந்த ஆர்கிட் (ORCID) எண், அதாவது ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனியாகத் தரும் அடையாள எண், இதற்காகத்தான், நீங்கள் முதல் பேப்பருக்கு முன்பே வாங்கிவிடுங்கள், காசு கிடையாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது: இருவரின் பேப்பர் பட்டியலிலும் ரிவ்யூ கட்டுரைகளையும் (மற்றவர் ஆய்வுகளைத் தொகுத்து எழுதுபவை), ஐம்பது நூறு பேர் சேர்ந்து எழுதியவற்றையும் ஒதுக்கி வையுங்கள். ரிவ்யூவுக்குப் பொதுவாக சைட்டேஷன் கூடும். மிச்சத்தில் அவர் கடைசிப் பேராக நிற்கும் பேப்பர்களைப் பாருங்கள், பெரும்பாலும் அவைதான் அவருடைய ஆய்வகத்தின் சொந்த வேலை. முதல் பேராக இருப்பவர் மாணவரா என்று பாருங்கள். மாணவர்களை முதல் பேராகப் போடும் கைடு கிடைத்தால் எண் 18 ஆனாலும் தயங்க வேண்டாம். அங்கே பிஎச்.டி. முடித்த இரண்டு மூன்று பேருக்கு மெயில் அனுப்பி, எத்தனை வருடம் ஆனது, ஃபெல்லோஷிப் பணம் ஒழுங்காக வந்ததா என்று நேராகவே கேளுங்கள்.