கையெழுத்துக்கு முன் அம்மாவிடம் பேசுங்கள்

சகோதரி, உயில் எழுதாமல் இறந்த அப்பா சம்பாதித்துக் கட்டிய வீட்டில் உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் விடுதலைப் பத்திரம் கேட்கிறார் அண்ணன். மறுத்தால் தாய்வீட்டு உறவே போய்விடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் "கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே" என்பதற்காகச் சட்டம் உங்கள் பாகத்தைக் கழிக்காது. இந்துக் குடும்பம் என்றால், 1956 வாரிசுரிமைச் சட்டப்படி, வேறு முதல்நிலை வாரிசு (சட்டப்படி முதலில் பங்கு பெறும் நெருங்கிய உறவு) இல்லாதபோது அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் சம பங்கு. அம்மாவின் பங்கைப் பற்றி யாருமே பேசவில்லையே, எனக்கு அதுதான் பெரிய கவலை. முதலில் அவரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். அப்புறம் அண்ணனிடம், "அம்மா காலம்வரை வீடு இப்படியே இருக்கட்டும்ணா" என்று நேராகச் சொல்லுங்கள். பத்திரம் பதிவாகிவிட்டால் மாற்றுவது ரொம்பக் கஷ்டம். "சும்மா ஒரு கையெழுத்து" என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். வரைவை முன்பே வாங்கி, நீங்களே தேர்ந்தெடுத்த வக்கீலிடம் காட்டுங்கள்.