ரிட்டர்ன் ஆன எலெக்ட்ரானிக்ஸ் எங்கே போகிறது? கேள்வி பதில்

கடைகளுக்குத் திரும்பி வரும் போன், லேப்டாப், இயர்போன் எல்லாவற்றையும் சோதித்துத் தரம் பிரிப்பது என் வேலை. நீங்கள் கேட்டவற்றுக்கு இதோ பதில்கள்.

கேள்வி: திருப்பிக் கொடுத்ததையே புதிது என்று மறுபடி விற்றுவிடுவார்களா?

பதில்: சீல் பிரிக்காமல் வந்தால் பெரும்பாலும் அலமாரிக்கே போய்விடும், அதில் தப்பில்லை. பிரித்திருந்தால் முதல் வேலை, பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் பொருளில் உள்ளதும் ஒன்றா என்று பார்ப்பது, ஏனென்றால் புதியதை வைத்துக்கொண்டு பழையதைப் பெட்டியில் போட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. அப்புறம் திரை, கேமரா, ஸ்பீக்கர், சார்ஜ் ஏறுகிறதா என்று போகும். பல போன்களில் சிம் ட்ரேயை உருவிவிட்டு உள்ளே டார்ச் அடித்தால் குட்டியாக ஒரு ஸ்டிக்கர் தெரியும். வெள்ளையாக இருந்தால் சரி, சிவந்திருந்தால் உள்ளே ஈரம் போயிருக்கிறது என்று அர்த்தம். "பயன்படுத்தவே இல்லை" என்று சொல்லிக் கொடுத்த போனிலும் சார்ஜிங் போர்ட்டில் சட்டைப்பை பஞ்சு அடைத்திருக்கும்.

கேள்வி: வருவதில் பாதிக்கு மேல் பழுதாகத்தான் இருக்கும், இல்லையா?

பதில்: இல்லை. நிறைய பொருட்களில் ஒரு குறையும் இருக்காது. வாங்கியவருக்குப் பிடிக்கவில்லை, அல்லது இணைக்கத் தெரியவில்லை. ஸ்மார்ட் பிளக் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வைஃபையில் மட்டும்தான் வேலை செய்யும். ரவுட்டரை 5 கிகாஹெர்ட்ஸில் வைத்துக்கொண்டு முயன்று பார்த்துவிட்டு "டெட்" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

கேள்வி: நல்ல பொருள் குப்பைக்குப் போகுமா?

பதில்: போகும், எனக்கு ஆற்றாமையே அதில்தான். ஒரு பொருளைப் பிரித்து, சோதித்து, துடைத்து, மறுபடி கட்ட ஆகும் கூலி அதன் விலையைத் தாண்டினால் யாரும் அதைத் தொட மாட்டார்கள். காதுக்குள் போடும் மலிவு இயர்போன் என்றால் சுகாதாரக் காரணமும் சேர்ந்துகொள்ளும். மற்றவற்றில் சில சோதிக்கப்படாமலே பேலட் (சரக்கு அடுக்கும் பலகை) கணக்கில் மொத்த வியாபாரிக்குப் போகும், சில தயாரித்த நிறுவனத்துக்கே திரும்பும். பிரான்சில் 2020இல் சட்டம் போட்டு, விற்காத பொருட்களை அழிப்பதற்குத் தடை கொண்டுவந்தார்கள். எல்லா நாட்டிலும் அப்படி வேண்டும். அதுவரை உங்கள் கையில் இருப்பது இதுதான்: சார்ஜர், கேபிள், மேனுவல், உள்ளே இருந்த அட்டை எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். ஒரு கேபிள் குறைந்தாலே பொருள் ஒரு தரம் கீழே இறங்கிவிடும்.

கேள்வி: என் போட்டோ, பாஸ்வேர்டு எல்லாம்?

பதில்: கடை அழித்துவிடும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். முதலில் போனில் உள்ள கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள், அதற்குப் பிறகு ஃபேக்டரி ரீசெட், அதாவது உள்ளே இருப்பதை எல்லாம் அழிப்பது. கணக்கு உள்ளேயே இருந்தால் போன் பூட்டிக்கொள்ளும், உங்கள் பாஸ்வேர்டு இல்லாமல் எங்களால் திறக்க முடியாது, நல்ல போன் உதிரி பாகமாகத்தான் போகும். டிவி, பிரிண்டர், கேமராவையும் மறக்காதீர்கள், வைஃபை பாஸ்வேர்டு அதிலும் கிடக்கிறது.

கேள்வி: பேட்டரி உப்பிய லேப்டாப்பை கூரியரில் அனுப்பலாமா?

பதில்: கூடாது. சார்ஜ் போடாதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள், கடைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றவே தடை இருக்கிறது. சொல்லாமல் பெட்டிக்குள் வைத்து அனுப்பினால் கிடங்கில் பிரிக்கிறவருக்குத்தான் ஆபத்து.

கேள்வி: ஓப்பன் பாக்ஸ், ரீஃபர்பிஷ்டு, எது வாங்கலாம்?

பதில்: ஓப்பன் பாக்ஸ் என்றால் பிரித்தது, அவ்வளவுதான், எந்த அளவுக்குச் சோதித்தார்கள் என்பது கடைக்குக் கடை மாறும். ரீஃபர்பிஷ்டு என்றால் தேவைப்பட்டதைச் சரிசெய்து சோதித்தது. நான் ரீஃபர்பிஷ்டு பக்கம்தான், ஆனால் பேட்டரி மாற்றினார்களா, வாரன்டியை யார் தருகிறார்கள் என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.