எம்.பி.க்களின் நாடாளுமன்றச் செயல்பாட்டைத் தொகுத்துத் தரும் பி.ஆர்.எஸ். தளத்தில் உருக்குத் துறை அமைச்சர் பெயருக்கு எதிரே ஒன்றுமே இல்லையே! சேலம் இரும்பாலை விற்பனை பற்றி அவர் நாடாளுமன்றத்தில் சொன்னதை எங்கே தேடுவது?

அந்தத் தளத்தில் எந்த அமைச்சருக்கும் விவாதம், கேள்வி, வருகைக் கணக்கு இருக்காது. அதை வைத்து "வாயே திறக்கவில்லை" என்று பதிவு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வி கேட்பது எம்.பி.யின் வேலை, பதில் சொல்வது அமைச்சரின் வேலை. இரண்டையும் ஒரே தராசில் போட முடியாது என்பதால்தான் அந்த இடம் காலி. 1984 முதல் 1996 வரை சேலம் எம்.பி.யாக இருந்த ரங்கராஜன் குமாரமங்கலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1991-ல் மத்திய இணை அமைச்சரானதும் அவர் பெயர் பதில் சொல்லும் பக்கத்துக்கு மாறிவிட்டது. பதவியில் இருந்த காலத்தில் அவர் பெயரைக் கேள்வி கேட்டவர்கள் பட்டியலில் தேடினால் என்ன கிடைக்கும்?

எனவே ஆள் பெயரை விட்டுவிட்டு அமைச்சகத்தின் பெயரை வைத்துத் தேடுங்கள். நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வ தளமான சன்சத் தளத்தில் மக்களவை, மாநிலங்களவை இரண்டுக்கும் தனித்தனிக் கேள்விப் பக்கம் உண்டு. இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும். அரசமைப்பின் 88-வது பிரிவுப்படி அமைச்சர் எந்த அவையிலும் பேசலாம். வாக்கு மட்டும்தான் சொந்த அவையில். 2016 ஜூலை முதல் 2024 ஜூன் வரை உருக்குத் துறையைக் கையில் வைத்திருந்த பிரேந்தர் சிங், தர்மேந்திர பிரதான், ஆர்.சி.பி. சிங், ஜோதிராதித்ய சிந்தியா நால்வருமே மாநிலங்களவை உறுப்பினர்கள். இரும்பாலை விற்பனைப் பேச்சு சூடாக ஓடிய காலமும் அதுதான். மாநிலங்களவையை மட்டும் பார்த்தால், மக்களவையில் இதே அமைச்சர்களும் இணை அமைச்சர்களும் சொன்னது மொத்தமாக விடுபடும். இப்போதைய அமைச்சர் எச்.டி. குமாரசாமி மாண்டியாவின் மக்களவை உறுப்பினர்.

அடுத்தது, தலைப்பில் 'சேலம்' என்று தேடி ஏமாறுவது. அப்படித் தேடினால் ரயில்வே கோட்டமும் விமான நிலையமும்தான் முன்னால் வந்து நிற்கும். சேலம், துர்காபூர் அலாய் ஸ்டீல், பத்ராவதி விஸ்வேஸ்வரய்யா ஆலை ஆகிய மூன்றையும் விற்பதற்கு 2016 அக்டோபரில் ஒன்றாகத்தான் கொள்கை ஒப்புதல் தந்தார்கள். 2019 ஜூலையில் வாங்க விரும்புவோரிடம் விருப்ப விண்ணப்பம் கோரியதும் மூன்றுக்கும் சேர்த்துத்தான். ஆகவே வங்காள எம்.பி. துர்காபூருக்காகக் கேட்ட கேள்வியின் பதிலில் சேலம் ஒரு வரியில் ஒளிந்திருக்கலாம். 'செயில்' (மூன்று ஆலைகளையும் நடத்தும் பொதுத்துறை நிறுவனம்), 'துர்காபூர்', 'பத்ராவதி', 'பங்கு விற்பனை' என்ற நான்கையும் ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள். பங்கு விற்பனையைக் கவனிக்கும் துறை நிதி அமைச்சகத்தில் இருப்பதால் அங்கேயும் ஒருமுறை தேட வேண்டும். ஏற்காட்டு காபி விவசாயிகளுக்கும் இதே சிக்கல்தான்: காபி வாரியம் வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. வேளாண்மை அமைச்சகத்தில் எவ்வளவு புரட்டினாலும் கிடைக்காது.

பதில் கிடைத்ததும் முதலில் அது நட்சத்திரக் கேள்வியா, அதாவது அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியா என்று பாருங்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், நட்சத்திரமில்லாதவை 230. மாநிலங்களவையில் 15, 160. நட்சத்திரமில்லாதவற்றுக்கு எழுத்தில் மட்டுமே பதில். யாரும் எழுந்து பேசுவதில்லை. "அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார்" என்று பேப்பரில் வரும் செய்திகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான் என்பது என் கணிப்பு. கையெழுத்தும் பெரும்பாலும் இணை அமைச்சருடையதாக இருக்கும்.

நட்சத்திரக் கேள்வியில்தான் துணைக் கேள்விகள் வரும், அமைச்சருக்கு விஷயம் தெரியுமா என்பதும் அங்கேதான் வெளிப்படும். ஆனால் பதில் கோப்பைத் திறந்தால் "(அ) முதல் (ஈ) வரை: அறிக்கை அவையில் வைக்கப்படுகிறது" என்பதும் ஒரு இணைப்பும் மட்டுமே இருக்கும். துணைக் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் அதில் சேராது. தேதியைக் குறித்துக்கொண்டு அன்றைய விவாதப் பதிவைத் தனியாகத் திறக்க வேண்டும்: மக்களவை என்றால் காலை 11 முதல் 12, மாநிலங்களவை என்றால் 12 முதல் 1. அங்கும் அந்தக் கேள்வி இல்லையென்றால், நேரம் போதாமல் அதன் முறை வராமல் போயிருக்கும், அல்லது அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டிருக்கும். பட்டியலின் அடியில் இருக்கும் கேள்விகளுக்குப் பெரும்பாலும் இந்தக் கதிதான்.

விவாதப் பதிவில் திருத்தப்படாத பிரதி, திருத்திய பிரதி என்று இரண்டு உண்டு. மேற்கோள் காட்டத் திருத்திய பிரதியே சரி. தமிழில் பேசியது ஆங்கில மொழிபெயர்ப்பாகவும், இந்தியில் பேசியது மூலப் பிரதியில் இந்தியிலேயும் இருக்கும். அவைத் தலைவர் நீக்கிய சொற்கள் இருந்த இடத்தில் உடுக்குறிகள் (*) நிற்கும். பழைய தொகுதிகள் ஸ்கேன் செய்தவை என்பதால் சொல்தேடலை நம்பாமல் தேதி வாரியாகப் புரட்டுவதே நல்லது.

பதிலில் "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்படுகிறது" என்று இருந்தால் அதைச் சப்பைக்கட்டு என்று தள்ளிவிடாதீர்கள். இவை 'உறுதிமொழி'யாகக் கணக்கில் ஏறுபவை. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அரசு உறுதிமொழிக் குழு அதைத் துரத்தும். அவகாசம் கேட்டு இழுப்பதும், கைவிடச் சொல்லிக் கேட்பதும் உண்டு. எந்தெந்த உறுதிமொழி நிலுவையில் கிடக்கிறது என்பது குழுவின் அறிக்கைகளில் வரும். அமைச்சரை எடைபோட எனக்குத் தெரிந்து இதைவிடக் கறாரான அளவுகோல் இல்லை.

எம்.பி.க்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் ஒரு எம்.பி. இரும்பாலைக்காகக் குரல் கொடுத்திருந்தால் அமைச்சர் அப்போதே பதில் சொல்லக் கட்டாயமில்லை. தொகுதிப் பிரச்சினை போன்றவற்றை அவையின் கவனத்துக்குக் கொண்டுவர உதவும் மக்களவை விதி 377-ன் கீழ் எழுப்பியதற்குத் துறையிலிருந்து பதில் வரும், ஆனால் அது அந்த எம்.பி.க்குக் கடிதமாகப் போவதால் விவாதப் பதிவில் தேடிப் பயனில்லை. தேதியைச் சொல்லி எம்.பி. அலுவலகத்தில் நகல் கேளுங்கள்.