காதுக்குள் ஒரு சில்வண்டு: மருத்துவக் கேள்வி பதில்

கேள்வி: தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்வு பெற்ற என் தந்தைக்கு வயது 69. இதயம் பலவீனமாகிக் கால்கள் வீங்கியதால், அரசாங்க கிளினிக்கில் ஓராண்டாகத் தினமும் ஃபுரோசமைடு 40 மில்லிகிராமும் ஆஸ்பிரின் 100 மில்லிகிராமும் கொடுக்கிறார்கள். முழங்கால் வலிக்காக, பக்கத்து வீட்டார் கொடுத்த மெஃபெனாமிக் அமில மாத்திரையை மூன்று வாரமாக விழுங்கி வருகிறார். இரு காதுகளிலும் சில்வண்டு கத்துவதுபோல் இரைச்சல் கேட்பதாகச் சொல்லி, மூன்று நாளாக எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டார். என்ன செய்யலாம்?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: காதைவிட முதலில் நான் கவலைப்படுவது அந்த மூன்று நாட்களைப் பற்றித்தான். ஃபுரோசமைடை நிறுத்தினால் உடலில் நீர் மீண்டும் தேங்கும் என்பதால், இன்றே அவரைக் கிளினிக்குக் கொண்டு செல்லுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாலோ கால் வீக்கம் ஏறுகிறது என்றாலோ கிளினிக் வரிசையில் காத்திராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

இரைச்சலுக்குக் காரணம் எது? ஃபுரோசமைடு உட்செவியில் உள்ள நீரின் உப்புச் சமநிலையைக் குலைக்கக்கூடியதே. ஆனால் அது பெரும்பாலும் அதிக அளவை ஊசிவழியாக வேகமாகச் செலுத்தும்போதும், சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் நேர்வது. ஆஸ்பிரினும் இரைச்சல் தரும். மூட்டுவாதத்துக்கு அதைப் பெரிய அளவில் கொடுத்த காலத்தில், காதில் இரைச்சல் கேட்கும்வரை அளவைக் கூட்டிப் பிறகு சற்றே குறைத்த மருத்துவர்களும் உண்டு. அந்த அளவுகளுக்கு முன் 100 மில்லிகிராம் மிகச் சிறியது. ஓராண்டு தொல்லை தராத இரண்டு மருந்துகளை விட்டுவிட்டு, மூன்று வாரத்துக்கு முன் புதிதாக வந்து சேர்ந்ததைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அந்த வலி மாத்திரை வகைக்கும் காதிரைச்சல் ஒரு பக்க விளைவு. அதோடு அது உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, ஃபுரோசமைடின் வேலையைக் கெடுத்து, சிறுநீரகத்தையும் வாட்டும். காது நன்றாக இருந்தாலும்கூட உங்கள் தந்தையார் அதைத் தொடக்கூடாது. பக்கத்து வீட்டார் அன்பால்தான் கொடுத்திருப்பார், ஆனால் அவருடைய இதயம் வேறு, உங்கள் தந்தையாரின் இதயம் வேறு.

வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், எண்ணெய், லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இரைச்சல் தொடங்கிய நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனையும் செவித்திறன் சோதனையும் தேவையா என்று கேளுங்கள். முழங்கால் வலிக்கு வேறு வழியையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள், இல்லையேல் அடுத்த மாதம் அதே மாத்திரை வீட்டுக்குள் வந்துவிடும். வயதும், ஆலை இயந்திரச் சத்தமும், காதில் அடைத்த குறும்பியும்கூட இரைச்சல் தரும் என்பதால் காதையும் பார்க்கச் சொல்லுங்கள். பூண்டு காய்ச்சிய எண்ணெயை மட்டும் ஊற்றாதீர்கள்.

வலி மாத்திரையால் வரும் இரைச்சல் பெரும்பாலும் அதை நிறுத்திய சில நாட்களில் அடங்கும். ஜென்டமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகளும் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் செய்யும் சேதம் அப்படியல்ல, அவை உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்களையே அழித்துவிடும். உங்கள் தந்தையார் அவற்றை எடுக்கவில்லை என்பது ஆறுதல்.

அதுவரை இரவு நேரந்தான் சோதனை. முழு அமைதியில் இரைச்சல் பெரிதாகத் தோன்றும். ஆகவே மின்விசிறியை ஓடவிடுங்கள், அல்லது வானொலியைத் தாழ்ந்த ஒலியில் வையுங்கள். ஒரு காது மட்டும் திடீரென மந்தமானாலோ தலைசுற்றல் சேர்ந்தாலோ முகம் கோணினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். திடீர்க் காது மந்தத்துக்கான ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள், முடிந்தவரை விரைவில் தொடங்கினால்தான் பலன் அதிகம்.