கடிக்காத மாடும் கடிக்கும் பூனையும்: கால்நடைப் பணியாளர் கேள்வி-பதில்

பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் மாடு, ஆடு, நாய் பார்த்தே என் சர்வீஸ் முடிந்தது. இந்த முறை வந்தவற்றில் கடி பற்றிய கேள்விகள்தான் அதிகம்.

தீனி எடுக்காத பசு ஒன்று எச்சில் ஒழுக நின்றது. மாங்கொட்டை சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மறுநாள் மாடு செத்துவிட்டது. மூன்று நாளாகிறது. கடிக்கவில்லையே, ஊசி வேண்டுமா சார்? (உதவியாளர், வேலந்தாவளம்)

இன்றைக்கே போங்கள் தம்பி. வாயில் ஒன்றும் சிக்கவில்லை, விழுங்கவும் முடியவில்லை, குரல் கம்மிக் கத்துகிறது என்றால் முதலில் நினைக்க வேண்டியது வெறிநோயை (ரேபிஸ்). தொண்டைத் தசை செயலிழந்து போவதால் பார்ப்பதற்கு ஏதோ அடைத்த மாதிரியே இருக்கும். அனுபவஸ்தர்களே ஏமாறுகிற இடம் இது.

உங்கள் கையை வெளிச்சத்தில் பாருங்கள். கயிறு உரசிய இடம், நகக்கண்ணில் உரிந்த தோல், மாட்டுப் பல் கீறிய கோடு என்று ஏதாவது இருக்கும். அதில் எச்சில் பட்டால் மூன்றாம் வகை, அதாவது ஆழமான கடிக்குச் சமம். தடுப்பூசியோடு காயத்தில் இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார் மருந்து) போட வேண்டும். நாள் கடந்துவிட்டதே என்று விடாதீர்கள். அறிகுறி வந்தபின் காப்பாற்ற வழியில்லை. கருவூட்டலுக்குப் போடும் நீளக் கையுறை பையிலேயே கிடக்கும், வாய்க்குள் கை விடும்போது மட்டும் யாருக்கும் அது ஞாபகம் வராது.

இன்னொன்று. கேரளப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ‘பட்டி கடிச்சதா?’ என்றுதான் கேட்பார்கள். நமக்குப் பட்டி என்றால் ஆடு அடைக்கும் இடம், அவர்களுக்கு நாய். கடிக்கவில்லை என்று மட்டும் சொல்லித் திரும்பி வராமல், பசு, வாய்க்குள் கை, எச்சில் என்று மூன்றையும் சொல்லுங்கள். வீட்டார் அந்தப் பாலைக் காய்ச்சிக் குடித்திருந்தால் பயமில்லை. பச்சைப்பால் குடித்தவர் இருந்தால் டாக்டரிடம் சொல்லட்டும்.

முதல் ஊசி பாலக்காட்டில் போட்டேன். மீதியைப் பொள்ளாச்சியில் போடலாமா?

போடலாம், அட்டை கையில் இருக்க வேண்டும். முதல் ஊசி போட்ட நாள்தான் 0. தோலுக்குள் போடும் முறை 0, 3, 7, 28ஆம் நாள். தசையில் என்றால் 0, 3, 7, 14, 28. எதில் ஆரம்பித்தீர்களோ அதிலேயே முடியுங்கள்.

கிளினிக்கில் பூனை விரலைக் கடித்தது. ஊசி குத்திய மாதிரி இரண்டு புள்ளிதான். மறுநாள் விரல் வீங்கி மடக்க முடியவில்லை. (பொள்ளாச்சி)

நாய்க்கடி தோலைக் கிழிக்கும், பார்த்தாலே பயம் வரும். பூனைப் பல் மெல்லிசாக உள்ளே இறங்கித் தசைநார் வரை போய்விடும். மேல் தோல் உடனே மூடிக்கொள்ளும், உள்ளே பாஸ்டுரெல்லா கிருமி வளரும். ஒரே நாளில் வீங்குவது அதனால்தான். விரல் மடங்கவில்லை என்றால் மருந்துக்கடை மாத்திரையோடு நிறுத்தாதீர்கள் அம்மணி, இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். டெட்டனஸ் ஊசி, வெறிநோய் ஊசி இரண்டையும் பற்றிக் கேளுங்கள்.

வேலையில் சேரும்போதே மூன்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று. இப்போது நாய் கடித்தால் மறுபடி முழுசாகவா?

வேண்டாம். 0, 3ஆம் நாள் என இரண்டு போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. ஆனால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுவதில் தள்ளுபடி கிடையாது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிஷம் நினைப்பதைவிட நீளம். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம்.

கடித்த நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போட்டால் என்ன?

தலைகீழாகச் செய்கிறீர்கள். ஊசியை ஆரம்பித்துவிட்டு நாயைக் கவனியுங்கள். பத்து நாளும் அது நன்றாக இருந்தால் மீதியை நிறுத்துவது பற்றி டாக்டர் சொல்வார். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும். மாடு, ஆடு, குரங்குக்குச் செல்லாது.

‘எங்க நாய் கடிக்காது’ என்று சொல்லி வாய்க்கட்டுப் போட விடுவதில்லை. என்ன செய்வது?

என் இடது கட்டைவிரல் தழும்பு அப்படிச் சொன்ன வீட்டுப் பொமரேனியன் போட்டதுதான். ‘கடிக்காதுங்க, ஊசி பார்த்தா அதுக்குப் பயம், அதான் கட்டறேன்’ என்று சொல்லிக்கொண்டே பேண்டேஜ் துணியை மூக்கின் மேல் சுற்றி, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் இன்னொன்று. பக் மாதிரி மூக்குச் சப்பையான நாய்க்கு மட்டும் இப்படிக் கட்டக் கூடாது, மூச்சு முட்டும். கழுத்தைச் சுற்றித் தடித்த துண்டு போட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள்.