கம்பெனி கொடுத்த தங்கக் காசை விற்றால் மறுபடியும் வரியா?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஆண்டுச் சம்பளம் 18 லட்சம், புதிய வரி முறை. பத்து வருடம் முடித்ததற்காக 2025 அக்டோபரில் 8 கிராம் தங்கக் காசு ஒன்றும் (999 என்று போட்டிருக்கிறது, பின்பக்கம் கம்பெனி லோகோ) ஒரு டேப்லெட்டும் கொடுத்தார்கள். இரண்டும் பீரோவில்தான் கிடக்கின்றன. கிரெடிட் கார்டு பாக்கி இருப்பதால் பொங்கலுக்குள் விற்றுவிடலாம் என்று பார்க்கிறேன். ஆனால் காசுக்காகச் சம்பளத்தில் ஏற்கெனவே சுமார் 20,000 ரூபாய் வரி பிடித்துவிட்டார்கள். விற்கும்போது மறுபடியும் கட்ட வேண்டுமா? எங்கே விற்பது?

பதில்: மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும் கார்டு பாக்கியை வைத்துக்கொண்டு தங்கத்தைப் பீரோவில் பூட்டி வைப்பதில் அர்த்தமில்லை. காசைத் தயங்காமல் விற்கலாம். டேப்லெட் விஷயம் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பே ஸ்லிப்பை எடுங்கள். பணமாக அல்லாமல் பொருளாக நிறுவனம் தரும் பரிசுகளுக்கு, 2025-26 நிதியாண்டில் மொத்தம் 5,000 ரூபாய் வரைதான் வரி கிடையாது. அதற்கு மேல் போவது பெர்க்விசிட் (சம்பளம் போக நிறுவனம் தரும் சலுகை) என்று சம்பளத்தோடு சேரும். உங்கள் காசை நிறுவனம் கிராம் 12,000 வீதம் 96,000 ரூபாய்க்கு வாங்கி, 1,500 செய்கூலி, 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து 1,00,425 ரூபாய் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5,000 போக 95,425 உங்கள் சம்பளத்தில் ஏறும். நீங்கள் 20 சதவீத அடுக்கில் இருப்பதால், செஸ் சேர்த்து 20.8 சதவீதம்: 19,848 ரூபாய். நீங்கள் சொல்லும் தொகை ஏறக்குறைய இதுதான். சில நிறுவனங்களின் சம்பளப் பிரிவு 5,000-த்தைக் கழிக்காமல் முழுத் தொகையையும் சேர்த்துவிடும். ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வரி, காசு உங்கள் கைக்கு வந்ததற்கு. விற்கும்போது வருவது வேறு வரி. அதுவும் லாபத்துக்கு மட்டும்தான். லாபத்தைக் கணக்கிட, பெர்க்விசிட்டுக்காக எடுத்துக்கொண்ட முழு மதிப்பை, அதாவது 1,00,425-ஐ, அடக்க விலையாக வைப்பதுதான் நடைமுறை. "எனக்குச் சும்மா கிடைத்தது, அடக்கம் பூஜ்யம்" என்று போட்டுவிட்டால் ஒரே தொகைக்கு இரண்டு முறை வரி கட்டியதாகிவிடும். படிவம் 16-உடன் வரும் 12பிஏ படிவத்தில் 'பரிசு, வவுச்சர்' என்ற வரியில் இந்த மதிப்பு இருக்கும். அதையும், நிறுவனம் காசு வாங்கிய பில்லின் நகலையும் ஹெச்.ஆரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். கடையில் "இது யாருடையது?" என்ற கேள்வி வந்தாலும் இவைதான் பதில்.

இப்போது விற்பனை. வங்கிக்குப் போக வேண்டாம். வங்கிகள் தங்கக் காசை விற்கும், திரும்ப வாங்காது. நகைக்கடைதான் வழி. காசு சீல் செய்த அட்டையில் இருந்தால் வீட்டில் கிழிக்காதீர்கள். கடையில் உங்கள் கண் முன்னால் பிரித்து எடை போடட்டும். 999 என்று அச்சிட்டிருந்தாலும் மெஷினில் டச் (தங்கத்தின் சுத்தம்) பார்ப்பார்கள், அது முறைதான். லோகோவுக்காக விலை குறைக்கக் காரணமே இல்லை, எப்படியும் உருக்கத்தான் போகிறார்கள்.

பணம் கைநழுவுவது இரண்டு இடங்களில். ஒன்று, ரேட். வாசலில் பெரிதாக எழுதியிருப்பது 22 காரட் விலை. உங்களுடையது 999, அதாவது 24 காரட். 24 காரட் 13,000 என்றால் 22 காரட் சுமார் 11,915. எட்டு கிராமுக்கு 1,04,000 வர வேண்டிய இடத்தில் 95,320 என்று கால்குலேட்டரைத் தட்டிக் காட்டுவார்கள். 8,680 ரூபாய் அங்கேயே போச்சு. இரண்டாவது, கழிவு. பழைய நகைக்குக் கழிப்பது போலவே சுத்தமான காசுக்கும் கை பழக்கத்தில் கழிப்பார்கள். 2 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கேட்டால் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடங்கள். ராஜ வீதியில் கடைக்கா பஞ்சம்? போனதுமே கேட்க வேண்டியது: "999-க்கு என்ன ரேட் போடுவீங்க, எத்தனை பர்சன்ட் கழிப்பீங்க, பணம் எப்போ அக்கவுண்டுக்கு வரும்?" மூன்று கடையில் ஒரே நாளில் கேளுங்கள். நேற்றைய ரேட்டோடு இன்றைய ரேட்டை ஒப்பிட்டுப் பயனில்லை.

பணமாகத் தர மாட்டோம், நகையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சில கடைகள் சொல்லும். காசுக்கு முழு ரேட் போட்டு ஆசை காட்டி, புது நகையின் சேதாரத்திலும் செய்கூலியிலும் எடுத்துவிடுவார்கள். மேலே 3 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. கார்டு பாக்கி அடைக்க வேண்டிய உங்களுக்கு இது ஒத்துவராது. தவிர, மாற்றுவதும் வரிக் கணக்கில் விற்பனைதான். இன்னொன்று: முழுப் பணத்தையும் ரொக்கமாக எதிர்பார்க்காதீர்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கடைக்காரர் அதைச் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. அக்கவுண்டில் வாங்குவது உங்களுக்கும் பாதுகாப்பு.

13,000 ரேட், 2 சதவீதக் கழிவு என்றால் கைக்கு 1,01,920. லாபம் 1,495. வாங்கி 24 மாதம் ஆகாததால் குறுகிய கால மூலதன ஆதாயம். உங்கள் அடுக்கில் வரி 311 ரூபாய். 24 மாதம் தாண்டினால் 12.5 சதவீதம்தான் என்று யாராவது காத்திருக்கச் சொன்னால், கார்டு ஸ்டேட்மென்ட்டைக் காட்டுங்கள்.

தொகை சிறிதானாலும் வருமான வரிக் கணக்குத் தாக்கலில் கவனம். வழக்கமாக ஐ.டி.ஆர்-1 படிவம் போடுகிறவர் என்றால் இந்த வருடம் அது செல்லாது, ஐ.டி.ஆர்-2 போட வேண்டும். விலை இறங்கி நஷ்டத்தில் விற்றிருந்தாலும் அப்படித்தான். அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால், எட்டு ஆண்டுகள் வரை பிற மூலதன ஆதாயத்தில் கழித்துக்கொள்ளலாம்.

டேப்லெட்டுக்கு வருவோம். பே ஸ்லிப்பில் அதற்கும் பெர்க்விசிட் ஏறியிருக்கிறதா? வரி காசுக்கு மட்டும்தான் என்றால், அது பரிசு இல்லாமல் அலுவலக உபயோகத்துக்குக் கொடுத்த கம்பெனி சொத்தாக இருக்கலாம். வாங்கும்போது கையெழுத்திட்ட தாளில் 'ஒப்படைப்பு' அல்லது 'திருப்பித் தர வேண்டும்' என்ற வாசகம் இருக்கிறதா பாருங்கள். பின்பக்கம் அசெட் ஸ்டிக்கர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அதை விற்றால் வேலையை விடும் நாளில் கணக்கு முடிக்கும்போது பிடிப்பார்கள், அதற்கு முன்பே விசாரணையும் வரலாம். "இது எனக்கே சொந்தமா?" என்று ஹெச்.ஆருக்கு ஒரு வரி மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சொந்தம்தான் என்று பதில் வந்தால் விற்கலாம். சொந்த உபயோகப் பொருள் என்பதால் மூலதன ஆதாய வரி கிடையாது. அலுவலகக் கணக்கை நீக்கி, நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மென்பொருளை ஐ.டி. பிரிவில் எடுக்கச் சொல்லி, பிறகு ரீசெட் செய்யுங்கள். இந்த வரிசை மாறினால் வாங்கியவர் கையில் லாக் ஆகி உங்களிடமே திரும்பி வரும். ஆன்லைனில் விற்கும்போது "கியூஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்" என்று ஒருவர் கண்டிப்பாக வருவார். யு.பி.ஐ.யில் பணம் வாங்க பின் போடவே வேண்டியதில்லை. அவரை பிளாக் செய்துவிட்டு அடுத்த ஆளைப் பாருங்கள்.